நோயறையில் சோக இசைக்கும் இடமுண்டு

நோயுற்றவரைக் காண வருவோர் பலரும் கொண்டுவரும் சொல் ஒன்றே: "தைரியமாக இருங்கள்." அதில் அன்பு உண்டு. ஆயினும் நாள் முழுதும் அதனையே கேட்பவருக்குத் தம் வருத்தத்தை வெளியிட இடமில்லாமற் போகிறது. துள்ளலான பாட்டொன்றைக் கைபேசியில் ஒலிக்கவிட்டால் அவர் மனம் தேறிவிடும் என்று நாம் நம்புகிறோம். அவரே மெல்லிய சோக இசையைக் கேட்டால், "இந்த நேரத்தில் இது எதற்கு?" என்று அணைத்துவிடுகிறோம். இவ்வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் இசைத்தொகுப்பைச் சான்றாகக் கூறலாம். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட், முன்கூட்டி எழுதி வைக்காத இசையைத் தனியொருவராக நெடுநேரம் வாசிப்பதில் புகழ்பெற்றவர். 1975இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர் நிகழ்த்திய கச்சேரி உலகறிந்தது. பாக் முதலிய மேலைச் செவ்வியல் மேதைகளின் படைப்புகளையும் அவர் பதிவு செய்துள்ளார். 1996இல் நாட்பட்ட களைப்பு நோய் அவரைப் பற்றியது. வாசிக்க வலுவின்றிக் காலம் கழிந்தது. 1998இல் சற்றே தேறிய நிலையில், பழைய காதற்பாடல்களையும் நாட்டுப்பாடல்களையும் தம் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்தார். மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அளிக்கச் செய்த அப்பதிவு, 1999இல் 'தி மெலடி அட் நைட், வித் யூ' என்னும் பெயரில் வெளிவந்தது.

அதில் வேகமில்லை, விரல் வித்தை இல்லை. மெட்டு மெதுவாக நடக்கிறது. அதன் அடியில் இழையும் சுரங்களில் செவ்வியல் இசையின் ஒழுங்கு தெரிகிறது. நீண்ட படுக்கைக்குப் பின் தாழ்வாரத்தில் சுவரைப் பற்றி நடந்து பார்ப்பவரின் நடையை அது நினைவூட்டுகிறது. வருத்தம் உண்டு; புலம்பல் இல்லை. இன்று இயன்றது இவ்வளவே, இதுவும் போதும் என்று அது சொல்வதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இசை நோயைத் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. 2018இல் இருமுறை பக்கவாதம் தாக்கியதில் ஜாரெட்டின் இடக்கை முன்போல் இயங்காமற் போயிற்று. இசை மருந்தன்று, மருந்து வேலை செய்யும் வரையில் உடனிருக்கும் துணை.

இது தமிழருக்குப் புதிதுமன்று. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார், புண்பட்ட வீரனைப் பேணும் வீட்டைக் காட்டுகிறார். அங்கே வேப்பந்தழை செருகி, வெண்சிறுகடுகு சிதறி, நறும்புகை எழுப்பி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்க மகளிர் காஞ்சி பாடுகின்றனர். காஞ்சி என்பது நிலையாமையைப் பேசும் திணைக்கும் பெயர். அப்பெயர் கொண்ட பாட்டை நோயாளியின் அருகே பாட அவர்கள் தயங்கவில்லை.

எனவே, எந்த இசை வேண்டும் என்று நோயாளியிடமே கேளுங்கள். முகாரி ராகமோ, பழைய திரைப்பாடலோ, தனிப் பியானோவோ, அது அவர் விருப்பம். பொது வார்டில் ஹெட்போன் தேவை. ஒலி தாழ்வாக இருக்கட்டும். அவர் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். கண் கலங்கினால் பதறாமல் அருகே அமர்ந்திருங்கள். ஆனால் உறக்கமும் உணவும் குன்றி, எதிலும் நாட்டமின்றி இரு வாரங்களாக இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வாழ விருப்பமில்லை என்று அவர் ஒருமுறை சொன்னாலும், அக்கணமே மருத்துவருக்கோ செவிலியருக்கோ கூறுங்கள். அங்கே இசை போதாது.

மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்ட பின்னரே நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அலையோசை தெளிவாகக் கேட்கிறது. நம் ஆறுதல் சொற்களையும் சற்றே நிறுத்துவோம். படுக்கையில் இருப்பவர் சொல்ல விரும்புவது அப்போது நமக்குக் கேட்கும்.