ஒரே வெட்டோடு ஓயும் நொதி

சிக்குன்குனியா வந்தவருக்கு மருத்துவர் எழுதித்தருவது இன்றும் பாராசிட்டமாலும் ஓய்வும்தான். 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய நோய் இது. 2006இல் இந்தியாவில் ஏறக்குறைய 14 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என அரசே கணக்குச் சொன்னது. இத்தனைக்கும் பிறகு அந்த வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. அதற்கான இலக்கு வைரஸின் உறைப் புரதத்திலேயே இருக்கிறது. அதை ஆய்வகத்தோடு விட்டுவிடாமல் மருந்தாகும் வரை கொண்டுபோக அரசு செலவிட வேண்டும்.

நம் செல்லுக்குள் நுழைந்த வைரஸ், தன் உடலைக் கட்டும் புரதங்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரே நீளச் சங்கிலியாக நம் ரைபோசோமை நெய்ய வைக்கிறது. அதில் முதலில் வருவது கேப்சிட் என்ற உறைப் புரதம், 261 அமினோ அமிலங்கள். சங்கிலியின் மிச்சம் இன்னும் நெய்யப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இது மடிந்து நொதியாகி, தன் வால்முனையைத் தானே வெட்டிக்கொண்டு விடுபடுகிறது. தொப்புள்கொடியைத் தானே அறுத்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி. வெட்டு விழுந்ததும் கடைசி அமினோ அமிலமான டிரிப்டோபான், வெட்டிய பள்ளத்திலேயே அமர்ந்து அதை அடைத்துவிடுகிறது. அதோடு நொதி வேலை முடிந்தது. இனி அது வெறும் கட்டுமானப் பொருள்: 240 பிரதிகள் சேர்ந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பொதிகின்றன. அந்த வெட்டு விழாவிட்டால் சங்கிலி பிரியாது, வைரஸும் உருவாகாது.

எச்.ஐ.வி.யிலும் இப்படித் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ளும் நொதி உண்டு. அதன் வடிவம் 1989இல் தெரியவந்தது. 1995 டிசம்பரிலேயே அதைத் தடுக்கும் முதல் மருந்தான சாக்வினாவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க முடியாது என்பார்கள் வேதியியலாளர்கள். நியாயம்தான். எச்.ஐ.வி.யின் நொதி விடுபட்ட பிறகும் பல இடங்களில் வெட்டிக்கொண்டே இருக்கிறது. மருந்து போய்ச் சேர அவகாசம் கிடைக்கிறது. சிக்குன்குனியாவின் நொதியோ தன் சங்கிலிக்குள்ளேயே ஒரே ஒரு முறை வெட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மருந்து குறுக்கே புகுவது மிகக் கடினம். இந்தத் தடையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. கடைசி டிரிப்டோபானை நீக்கிவிட்டால் அடைபட்ட நொதி மறுபடி வேலை செய்வதை ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சேர்மங்களை விரைவாகச் சோதிக்க உதவும் முறையையும் அதைக் கொண்டு உருவாக்கினார்கள். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது இன்னொன்று. வெட்டு முடிந்த கேப்சிட்டில் வேறொரு பள்ளமும் இருக்கிறது. வைரஸின் வெளியுறைப் புரதமான இ2வின் வால் வந்து பொருந்துவது அங்கேதான். அந்தப் பொருத்தம் நடந்தால்தான் வைரஸ் செல்லைவிட்டு முழுமையாக வெளியேறும். இது கணநேரத்தில் முடிந்துபோகும் வேலையும் இல்லை. ஆக, வெட்டை மட்டும் குறிவைக்காமல், வெட்டிய பின் அதே புரதம் செய்யும் வேலையையும் சேர்த்துக் குறிவைப்பதே புத்திசாலித்தனம். நம் குடலில் உணவைச் செரிக்கும் கைமோடிரிப்சினைப் போன்ற அமைப்புடையது இந்த நொதி, மருந்து அதையும் தாக்காதா என்ற அச்சம் எழலாம். எச்.ஐ.வி.யின் நொதி இரைப்பையின் பெப்சினுக்கு உறவு; இருந்தும் இரண்டையும் பிரித்தறியும் மருந்துகள் வந்தன.

கொசுவை ஒழித்தால் போதுமே என்பது பழைய பதில். கொசு ஒழிப்பு வேண்டியதுதான், ஆனால் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு நடக்க முடியாமல் கிடப்பவருக்கு அது மருந்தாகாது. தடுப்பூசியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது: 2023இல் அமெரிக்கா அனுமதித்த முதல் தடுப்பூசியின் உரிமத்தை 2025 ஆகஸ்டில் அந்நாடே நிறுத்திவைத்தது. ஏழை நாடுகளின் காய்ச்சலுக்குப் பெரிய நிறுவனங்கள் முதல் போடத் தயங்கும். எனவே ஆய்வுக்கூடத்தில் தேறிய சேர்மங்களை விலங்குச் சோதனைக்கும் மனிதச் சோதனைக்கும் கொண்டுசெல்லும் செலவை மத்திய அரசே ஏற்க வேண்டும்.