வயிற்றின் மேல் போட்ட பழி

அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். யாராவது பேச வந்தால் முதலில் கை அங்கேதான் போகும். வாய் நாற்றம். "வயிற்றில் சூடு", "குடலில் அழுக்கு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெந்தயம், மோர், பேதி மருந்து, வெறும் வயிற்றில் அமிலம் குறைக்கும் மாத்திரை என்று 4 வருஷம் ஓடிப்போனது. ஒருவர்கூட அவனை வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. வயிற்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

உணவுக்குழாய் சும்மா இருக்கும்போது ஒட்டி மூடித்தான் கிடக்கும். ஏப்பம் வந்தால் ஒரு நொடி வாடை வரும், போய்விடும். நாள் முழுக்க விடாமல் அடிக்கிற நாற்றம் பெரும்பாலானவர்களுக்கு வாயிலேயேதான் உண்டாகிறது. பல் இடுக்கிலும் நாக்கின் பின்பாதியிலும் இருக்கும் கிருமிகள் உணவு மிச்சத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயு கிளம்புகிறது. அழுகின முட்டை வாடை அதுதான். தூக்கத்தில் எச்சில் குறைவதால் விடியற்காலையில் எல்லார் வாயும்தான் நாறும். பல் தேய்த்தால் போய்விடும். தேய்த்தும் போகாததைத்தானே கவனித்திருக்க வேண்டும்!

கடைவாய்ப் பல் வலி வந்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனோம். அவர் பல் இடுக்கில் ஒரு நூலை விட்டு இழுத்தார். நூல் சிவந்திருந்தது. முகர்ந்து பாருங்கள் என்று அவனிடமே நீட்டினார். அண்ணன் முகம் அப்படியே சுருங்கிப்போனது. கீழ்ப் பல் வரிசைக்குப் பின்னால், நாக்கு படுகிற இடத்தில், காரை மஞ்சளாகக் கல் மாதிரி இறுகியிருந்தது. "தேய்க்கும்போது ரத்தம் வருமே?" என்றார். "பிரஷ் முரடுன்னு நினைச்சேன் சார்."

காரையைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று அம்மா தடுத்தாள். ஆனால் காரையும் கிருமியும் சேர்ந்துதான் ஈறை வீங்க வைத்து, உள்ளே எலும்பைக் கரைக்கின்றன. சுத்தம் செய்ததும் வீக்கம் வற்றி இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர் தலையில் விழுகிறது. சுத்தம் செய்ய இரண்டு தடவை போய் வந்தோம். ராத்திரியும் பல் தேய்க்கிறான். நாக்கை நுனியில் மட்டும் வழித்துக்கொண்டிருந்தவன் இப்போது பின்பக்கம் வரை வழிக்கிறான். வாடை போய்விட்டது. சிலருக்கு டான்சில், சைனஸ், சர்க்கரை, வாயை உலர்த்துகிற மாத்திரை என்று வேறு காரணமும் இருக்கும்தான். அதையும் வாயைப் பார்த்த பிறகு தேடலாமே.

தன் வாய் வாடை எவ்வளவு என்று தன் மூக்குக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்த நாங்கள் அது எவ்வளவு மோசம் என்று 4 வருஷமும் வாய் திறக்கவில்லை. நானே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். வயிறு சரியில்லையாம், கஷாயம் குடிக்கிறாராம். தனியாகக் கூட்டிப்போய், "பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அது வருஷக்கணக்கா வருதும்மா. அதுக்கென்ன இப்போ?"