ஆர்ம், எக்ஸ்86, ரிஸ்க்-ஃபைவ்: மலேசியாவின் பணம் யார் மேல?

கோத்தா திங்கியில எந்தக் கைப்பேசிக் கடைக்குப் போனாலும், அங்குள்ள கைப்பேசிகள் ஏறக்குறைய எல்லாமே ஆர்ம் வகை சில்லில் இயங்குபவைதான். விண்டோஸ் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86.

இந்த எல்லை இப்போ கலையுது. ஆப்பிள் 2020-இல் மேக் கணினிகளை ஆர்முக்கு மாற்றத் தொடங்கியது. அமேசானின் கிராவிட்டன், என்விடியாவின் கிரேஸ் வழியா தரவு மையங்களுக்குள்ளும் ஆர்ம் நுழைஞ்சிடுச்சு.

மலேசியாவும் அந்தப் பக்கம்தான். 2025 மார்ச்சில் ஆர்முடன் ஒப்பந்தம்: 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர். பதிலுக்கு, தயார்நிலை வடிவமைப்புகள், 10,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சி.

ஏன் இவ்வளவு செலவு? 1972-இல் இன்டெல் பினாங்கு வந்ததிலிருந்து நாம அதிகம் செய்வது சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும். பெரிய லாபம் வடிவமைப்பில் இருக்கு.

இலவச வழியும் உண்டு. 2010-இல் பெர்க்லியில் உருவான ரிஸ்க்-ஃபைவை யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ அதில் உருவானதுதான். ஆனா இலவசம் கட்டளைத் தொகுப்பு மட்டுமே. சில்லை வடிவமைக்கும் செலவு நம்முடையது. ஆர்முக்கு ஏற்ற மென்பொருளோ ஏற்கெனவே குவிஞ்சு கிடக்கு.

எஸ்.பி.எம். முடிச்சு இந்தத் துறையை யோசிக்கிறீங்களா? எது ஜெயிச்சாலும் வடிவமைப்புத் திறன் வீண்போகாது. நாட்டுக்குத்தான் கெடு: பத்து ஆண்டில் மலேசியச் சில்லு சந்தைக்கு வரலைன்னா, கொடுத்தது வெறும் பயிற்சிக் கட்டணம்.