பிள்ளைகளைக் குப்பை பொறுக்க வைத்தால் போதுமா?

சில வாரங்களாக மனத்தை அரித்துக் கொண்டிருந்த ஒன்றை இன்று எழுதிவிடுவதென முடிவு செய்தேன். ஆசிரிய நண்பர்கள் சிலருக்கு இது கசக்கலாம். பொறுத்தருள்க.

எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் கழக மாணவர்களை மோரிப் கடற்கரைக்குத் துப்புரவுப் பணிக்காக அழைத்துச் சென்றிருந்தோம். வழக்கமான நிகழ்ச்சிதான். பதாகை, கையுறை, கறுப்புப் பை, படம் பிடித்தல். (பதாகையும் நெகிழி, கையுறையும் நெகிழி, பிள்ளைகளுக்கு வழங்கிய மீகூன் பொட்டலமும் நெகிழி. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.) அலை ஒதுக்கிய குப்பையிலிருந்து ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் குடிநீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்தான். மலாய்மொழி போல இருந்தது. ஆனால் நம் மலாய் அன்று. இந்தோனேசியாவில் தயாரிக்கப்பட்டது.

"ஐயா, இது நம் நாட்டுக் குப்பை இல்லையே! இதை நாம் ஏன் பொறுக்க வேண்டும்?" என்று கேட்டான்.

உடன் வந்திருந்த பெற்றோர் ஒருவர், "கேள்வி கேட்காமல் வேலையைப் பார், தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சிறுவன் கேட்டது விளையாட்டுக் கேள்வி அன்று. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்திரா; இந்தப் பக்கம் நாம். அங்கே ஆற்றில் விழுந்தது இங்கே கரை சேர்கிறது. நம் கிள்ளான் ஆறு சுமந்து செல்வதும் கடலில்தான் போய்ச் சேர்கிறது. அந்த ஆற்றின் குப்பையை அள்ள 2019-இல் நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் மிதவைப் பொறியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டின் நிலையைக் கணக்கிட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று, முறையாகக் கையாளப்படாத நெகிழிக் கழிவு மிகுந்த கடலோர நாடுகளின் வரிசையில் மலேசியாவை எட்டாம் இடத்தில் வைத்தது. ஆகவே, நாம் ஒன்றும் உத்தமர்கள் அல்லர். ஆயினும், யார் போட்டது, யார் எடுப்பது, யார் செலவை ஏற்பது என்ற வினாக்களுக்குக் கடற்கரையில் விடை கிடைக்காது. நாடுகள் கூடி உட்கார்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் கிடைக்கும். இதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?

இல்லை. நாம் சொல்லிக் கொடுப்பது 'விழிப்புணர்வு'! 'கடல் தூய்மைக்கேட்டைக் களையும் வழிகள்' என்று தலைப்புக் கொடுங்கள். முப்பது மாணவர்களும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். மக்களிடையே விழிப்புணர்வு இல்லை. மறுசுழற்சி செய்ய வேண்டும். அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யக் கொடுத்தவர்கள் நாம்தாமே! ஒருமுறை மாணவி ஒருத்தி, வெளிநாட்டுக் குப்பை கொள்கலன்களில் வந்து இறங்கியதையும் நம் நாடு அதைத் திருப்பி அனுப்பியதையும் எழுதியிருந்தாள். திருத்தியவர் சிவப்பு மையால் 'தலைப்பை விட்டு விலகல்' என்று குறித்திருந்தார். அந்தக் கட்டுரையில் அந்த ஒரு பத்திதான் அவள் சொந்தமாக எழுதியது.

அவள் எழுதியது என்ன என்பதை அறியாத பெற்றோருக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2018 சனவரியில் சீனா, வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளுக்குக் கதவை அடைத்தது. அதுவரை அங்கே போய்க்கொண்டிருந்த குப்பை எங்கே போகும்? நம்மிடம் வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 8 இலட்சம் டன்னுக்கும் மேல். பக்கத்திலுள்ள ஜெஞ்சாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. விலைபோகாத நெகிழியை இரவில் கொளுத்தினார்கள். மக்கள் மூச்சுவிட இயலாமல் தவித்தார்கள். மேலை நாட்டில் ஒருவர், மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன் என்று மனநிறைவோடு வீட்டுக்குப் போனார். அவர் போட்டது நம் வட்டாரத்தில் எரிந்தது. அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

நிலைமையை மாற்றியவை சட்டமும் ஒப்பந்தமும். அபாயக் கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1989-இல் உருவான பாசெல் ஒப்பந்தத்தில், நார்வே முன்மொழிந்த திருத்தத்தின்படி, 2019 மே மாதம் நெகிழிக் கழிவும் சேர்க்கப்பட்டது. கலப்படமான, அழுக்கான நெகிழிக் கழிவை அனுப்புவதானால் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். 2021 சனவரி முதல் இது நடப்பில் உள்ளது. அதற்கு முன்பே, 2020 சனவரிக்குள், மலேசியா 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. மொத்தம் 3,737 டன். பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. செலவில் ஒரு காசும் நம்முடையதன்று என்று அப்போதைய அமைச்சர் யோ பீ யின் அறிவித்தார். இவ்வளவு நல்ல பாடம் வீட்டு வாசலில் கிடக்க, நாம் 'விழிப்புணர்வு' என்று எழுதிப் போட்டுக் கொண்டிருக்கிறோம்!

"பத்து வயதுப் பிள்ளைக்குப் பன்னாட்டு ஒப்பந்தம் புரியுமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். புரியும். 'பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை நம் வேலிக்குள் எறியலாமா?' என்பது புரிகின்ற பிள்ளைக்கு இதுவும் புரியும். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையை நாம் வகுப்பில் கூறுவதில்லையா? அது எதனால் ஆறி வருகிறது? தெளிப்பான் வாங்காதீர் என்று பதாகை பிடித்ததனால் மட்டுமா? 1987-இல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி, அந்த வேதிப்பொருளின் உற்பத்தியையே படிப்படியாக நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதில் பயனில்லை என்று அன்று அறிந்திருந்தார்கள்.

நெகிழிக்கு அந்தக் குழாய் இன்னும் மூடப்படவில்லை. 2022 மார்ச்சில் நைரோபியில் 175 நாடுகள், 2024 முடிவதற்குள் உடன்படிக்கை ஒன்றை உருவாக்குவதென இசைந்தன. 2024 இறுதியில் பூசானில் கூடினார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள், அப்போதும் முடியவில்லை. உற்பத்திக்கு வரம்பு வேண்டும் என்பவர் ஒருபுறம். கழிவைக் கையாள்வதைப் பற்றி மட்டும் பேசுவோம் என்னும் எண்ணெய் வள நாடுகள் மறுபுறம். கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவளியிலிருந்தும்தானே நெகிழி பிறக்கிறது! நம் நாட்டிலும் கெர்த்தே, பெங்கேராங் ஆலைகள் உள்ளன என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது.

அப்படியானால் குப்பையைக் கண்ட இடத்தில் போடலாமா என்று என்மீது பாய வேண்டா. கூடாது. தன் கையால் எறிந்ததைத் தானே எடுக்கக் கற்பிப்பது நம் கடமை. ஆனால், உலகக் கடல்கள் கெட்டதற்குத் தன் சிறு கையே காரணம் என்று ஒரு குழந்தையை நம்ப வைப்பது கல்வி ஆகாது. அது பெரியவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி.

போத்தல் கேட்ட சிறுவனுக்கு அடுத்த வாரம் வகுப்பில் விடை கூறினேன். உலக வரைபடத்தை விரித்துக் கொள்கலன்கள் திரும்பிப் போன வழியைக் காட்டினேன். பாசெல் ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வருவதை 2025 சூலை முதல் நம் நாடு தடுத்துவிட்டது என்றும், 1990-இல் கையொப்பமிட்ட அமெரிக்கா அதனை இன்றளவும் ஏற்புறுதி செய்யவில்லை என்றும் சொன்னேன். "அவ்வளவு பெரிய நாடு ஏன் ஐயா சேரவில்லை?" என்று உடனே கேட்டான். அன்று மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை.

1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கி இன்று உலகெங்கும் நடைபெறும் கடற்கரைத் துப்புரவு இயக்கத்தில், பொறுக்கிய ஒவ்வொன்றையும் வகைப்படுத்தி எண்ணிக் குறிக்கிறார்கள். அடுத்த முறை மோரிப்பில் நாமும் அப்படிச் செய்வோம். எந்தப் பொருள், எந்த நாடு, எந்த நிறுவனம் எனப் பிள்ளைகளே தாளில் எழுதட்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டேன். தலைமையாசிரியர் இசைந்தார். சங்கத்தில் ஒருவர் மட்டும், "அப்படியென்றால் படம் எடுக்க நேரம் இருக்குமா, சார்?" என்று கேட்டார்.