மாணவர் தலைவரா, சில்லறைக் கங்காணியா?

மலையகப் பாடசாலைகளிலே தலைமைத்துவம் பற்றிய பேச்சு அண்மைக் காலத்திற் பெருகியுள்ளது. பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன, சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன, அதிபரின் கையாற் சின்னஞ் சூட்டப்பெறும் மாணவர் தலைவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருகின்றன. வரவேற்கத்தக்கதே என்பர். ஆயின் இத்தலைவர்களைத் தெரிவு செய்தவர் யாவர், இவர்கள் யாருக்குப் பொறுப்புடையோர் என்று வினவுவாரைக் காணோம். அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் நானும் அச்சின்னத்தை ஈராண்டு அணிந்தவன். வாயிலில் நின்று, பிந்தி வருவோரின் பெயரைக் கொப்பியிற் குறிப்பது என் கடமை. மேற்பிரிவு லயத்திலிருந்து மலையிறங்கி நடந்து வரும் என் வகுப்புத் தோழன் ஒருவனின் பெயர் வாரத்தில் மூன்று நாளாவது அதில் இடம்பெறும். தாய் பிரட்டுக்குப் போனபின் தங்கையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருபவன் அவன் என்பதை நான் அறிவேன். அதனை எழுதக் கொப்பியில் இடமில்லை. பத்தாந் தரத்தின் நடுவில் அவன் வருவது நின்றது. கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டான் எனப் பின்னர் கேள்வியுற்றோம். அவன் ஏன் வரவில்லை என்று பார்த்துவர எவரும் எம்மை அனுப்பவில்லை, நானாகவும் போகவில்லை. அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவிலே சிறந்த மாணவர் தலைவருக்கான கிண்ணம் எனக்கே கிடைத்தது.

இப்பதவிக்கு மலையகத்தில் ஒரு பழைய பெயர் உண்டு. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினர் என்ற கணக்கின்படி பெரிய கங்காணி தலைக்காசு பெற்றான். அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணி நின்றான். இருவரும் தொழிலாளர் பேசிய மொழியைப் பேசியவரே, தொழிலாளர் கும்பிட்ட மாரியம்மனைக் கும்பிட்டவரே. எனினும் அவர்தம் அதிகாரம் துரையின் பங்களாவிலிருந்து இறங்கியதேயன்றி லயத்திலிருந்து எழுந்ததன்று. ஆளைக் கடனாற் பிணைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது வளர்த்த மனப்பழக்கமும் உடன் ஒழிந்ததெனக் கூறவியலுமா? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் எழுந்த தோட்டப் பாடசாலை அரை நூற்றாண்டுக் காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது; அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். கட்டடம் கைமாறியது. காலைக் கூட்டமோ இன்றும் பிரட்டுக் களத்தின் சாயலை முற்றாக இழந்திலது.

வேறு சமூகமொன்றில் இதனைச் சிறு குறையெனத் தள்ளிவிடலாம். எமது வரலாறு அதற்கு இடந்தராது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் கூடிய பாராளுமன்றத்தில் அவ்வெழுவருள் ஒருவரும் இல்லை. 1960இல் தொண்டமான் சபைக்குச் சென்றது நியமன உறுப்பினராகவே. மக்களின் வாக்கினால் அவர் மீண்டும் சென்றது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து. நியமனத்திற்கும் தெரிவிற்கும் உள்ள வேறுபாட்டை இம்மக்களைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் யாருளர்? அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கோ, தலைவர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் என்று பாடசாலையே கற்பிக்கின்றது.

மாணவர் பாராளுமன்றம் உள்ளதே என்பீர்கள். உள்ளது. சபாநாயகர், பிரதமர், அமைச்சர் என்ற பதவிகளும் உள்ளன. நான் நேரிற் கண்ட இரு அமர்வுகளிலும் வினாவை எழுதியவர் ஆசிரியர், விடையை எழுதியவரும் ஆசிரியர். பிள்ளைகள் மனனஞ் செய்து ஒப்புவித்தனர். மலசலகூடத்தில் நீரில்லை என்ற பொருள் எந்த அமர்விலும் வரவில்லை, அது அயலிலேயே நாறிக்கொண்டிருந்தபோதும்! போலந்து நாட்டின் வார்சோ நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் 1912 முதல் நடத்திய அநாதை இல்லத்திலே பிள்ளைகளுக்கென ஒரு நீதிமன்றம் இருந்தது. ஆசிரியர்மீதும் அங்கு வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அதன்முன் நின்று தீர்ப்பைக் கேட்டவர். எமது அதிபர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கின்றது?

முதலிற் பரீட்சை, பின்னரே தலைமை என்பாரும் உளர். 1960களில் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்றோர் மாணவரை மேடையேற்றிப் பேசவும் சிந்திக்கவும் வைத்தனர். அதனாற் கல்வி குன்றிவிட்டதாக எவருங் கூறார். எமது பிள்ளைகளுக்குப் பக்குவம் போதாது என்ற வாதமோ அறியாமையினும் கொடியது. மாசியிலே காமன் கூத்து நடக்கும் லயத்துக்குச் சென்று பாருங்கள். வீடுவீடாகப் பணம் சேர்ப்பதும், வேடம் பகிர்வதும், மனத்தாங்கலோடு ஒதுங்கி நிற்பவனைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவதும் யார்? எந்த முகாமிலும் சான்றிதழ் பெறாத இளைஞர்களே.

தேர்தல் வைத்தால் தொழிற்சங்கக் கட்சியும் சாதியும் உள்ளே நுழையும் என்ற அச்சத்தை மட்டும் நான் இலேசாகத் தள்ளமாட்டேன். அவை நுழையும். ஆனால் நியமன முறையில் அவை இல்லையா? கடைவீதிப் பிள்ளைக்கும் கணக்கப்பிள்ளையின் மகனுக்கும் சின்னம் எளிதிற் கிட்டுவதையும், மேற்பிரிவுப் பிள்ளைக்கு அது கிட்டாததையும் நாம் காணாதவரா? இரகசிய வாக்கெடுப்பில் அக்கணக்கு எண்ணிக்கையாக வெளிப்படும். தவறென்றால் அடுத்த ஆண்டு மாற்றலாம்.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலிருந்தும் பிள்ளைகளின் வாக்கினால் ஒருவர். தவணைக்கொருமுறை அதிபரிடம் வினாத் தொடுக்கும் உரிமை. அவ்வினாவுக்கு எழுத்தில் விடை. பிந்தி வருவோர் கொப்பிக்குப் பதிலாக, மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு இருவர் போய்வரும் கடமை. எமது சங்கத்தார் ஆண்டுதோறும் விடுமுறையில் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் சென்று க.பொ.த. மாணவருக்குக் கருத்தரங்கு நடத்துகின்றனர். வரும் முறை ஒரு பிற்பகலை அதில் ஒதுக்குவோம். வாக்குப் பெட்டிக்கு ஒரு பிஸ்கற் தகரம் போதும். அதை நான் கொண்டு வருகிறேன்.