பயறு பாக்கானால்...

“எலும்பெல்லாம் குடையுது டாக்டர். போன வருஷம் கிட்னியிலே கல்லு, இப்ப மறுபடியும் கல்லுங்கறாங்க. வீட்டிலே சொன்னா, ‘வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்’கறார்.”

52 வயது அம்மாள் ஒருவரின் குறை இது. ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னேன். 12 மில்லிகிராம்! 100 மில்லிக்கு 8.5 முதல் 10.5 வரைதான் இருக்கலாம்.

குற்றவாளி எங்கே இருந்தது தெரியுமா? கழுத்தில்! தைராய்டு சுரப்பியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ‘பாராதைராய்டு’ என்று நாலு குட்டிச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் பச்சைப்பயறு அளவுதான். மனித உடலில் இவற்றைக் கண்டு 1880-ல் எழுதியவர், ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் சாண்ட்ஸ்ட்ராம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துத் தருவதும், போதுமானால் நிறுத்திக்கொள்வதும் இவற்றின் வேலை.

நம் உடம்பில் செல்கள் பிறக்கும். வேளை வந்ததும் தாமாகவே மடியும். வரவும் செலவும் சரியாயிருந்தால் சுரப்பியின் அளவு மாறாது. பாராதைராய்டில் இரண்டுமே ரொம்ப மெதுவு. எப்போதாவது ஒரு செல்லின் மரபணுவில் கோளாறு ஏற்பட்டு, அது பெருக ஆரம்பிக்கிறது. சில கட்டிகளில், ‘பிரி, பிரி’ என்று செல்லைத் தூண்டும் ‘சைக்ளின் டி1’ என்ற புரதம் மிகுந்துவிடுகிறது. பிறப்பு கூடி, அதற்கு ஈடாக இறப்பு கூடாவிட்டால்? செலவாகாத வீட்டில் சாமான் சேருகிற கதைதான். பயறு பாக்காகிவிடும். மெதுவாக வளர்வதால் வருஷக்கணக்கில் தெரியாது. அந்தச் செல்களுக்கு ‘போதும்’ என்ற சொல்லும் சரியாகக் காதில் விழாது. எலும்பு கரையும், சிறுநீரில் கால்சியம் மிகுந்து கல்லாகும்.

பயப்படாதீர்கள், இது புற்றுநோய் அல்ல. இங்கே புற்று மிக அபூர்வம். 100-க்கு 80 பேருக்கு மேல் ஒரே ஒரு சுரப்பிதான் கெட்டிருக்கும். அதை ஆபரேஷனில் எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, இது அதிகம். ஆகவே அம்மாவோ மாமியாரோ தீராத எலும்பு வலி, திரும்பத் திரும்பக் கல், ஓயாத தாகம், மலச்சிக்கல், காரணமில்லாத அசதி, மனச்சோர்வு என்று சொன்னால் வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வலிக்கிறதே என்று கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி நீங்களாகவே கொடுக்க வேண்டாம். பாலையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

அந்த அம்மாள்? ஆபரேஷன் முடிந்து இப்போது மாடிப்படி ஏறுகிறார். ‘வயசாச்சுல்ல’ என்று சொன்ன வீட்டுக்காரருக்குத்தான் மூச்சு வாங்குகிறதாம்!