புதிய பயிற்றாசிரியரும் பொறுமையும்

உலகத்தாராற் பெரிதும் புகழப்பட்டும் சிறிதே பயிலப்பட்டும் வருங் குணங்களுள் பொறுமை ஒன்றாம். பந்தாட்டக் களத்தின் ஓரத்தே நின்று காண்போரிடத்து அஃது அறவே இல்லை எனினும் மிகையாகாது. தம் கட்சி இருமுறை தோற்குமாயின், பயிற்றாசிரியரை மாற்றுக என்னுங் கூக்குரலே முதற்கண் எழுகின்றது.

இந்தியக் கால்பந்துக் குழுவின் அண்மை வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐந்தாண்டு பயிற்றிய இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். அடுத்த மாதம் அமர்த்தப்பட்ட மனோலோ மார்க்கெஸ் எட்டுப் பந்தயங்களுள் ஒன்றிலேயே வென்று, ஓராண்டில் விலகினார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். ஏறத்தாழ பதினான்கு மாதத்துள் மூவரைக் கண்டது அக்குழு. செப்டம்பரில் அது ஓமனைப் பெனால்டி உதைகளால் வென்று மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம் எய்தியபோது புதியவர் வானளாவப் புகழப்பட்டார். அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குரிய தகுதியை இழந்து, நவம்பரில் வங்காள தேசத்திடமும் தோற்றபோதோ, புகழ்ந்த நாவே இகழலாயிற்று. மூன்று திங்களில் ஒருவருடைய அறிவு இங்ஙனம் வளர்ந்து தேயுமோ? மேலும், அவ்வாண்டு இந்தியன் சூப்பர் லீக் குறித்த பருவத்தில் தொடங்காமையின், ஆட்டக்காரர் பலர் போதிய பந்தயப் பழக்கமின்றியே களம் புகுந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இனி, முன்னோர் வரலாறு ஒன்று கூறுவேன். ஐதராபாத்தில் பள்ளியாசிரியராய் இருந்த சையது அப்துல் ரகீம் பயிற்றிய இந்தியக் குழு, 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10க்கு 1 எனத் தோற்றது. நம்மவர் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்வியோடு அவரை என்றைக்குமாகக் கைவிட்டிருப்பின் யாது நேர்ந்திருக்கும்? 1956 இல் மெல்போர்னில், அவர்கீழ் ஆடிய குழு நான்காம் இடம் பெற்றது. 1960 இல் ரோமாபுரியில் பிரான்சு நாட்டோடு 1க்கு 1 எனச் சமன் செய்தது. 1962 இல் ஜகார்த்தாவில் முதற் பந்தயத்திலே தென்கொரியாவிடம் தோற்ற அக்குழு, செப்டம்பர் 4 ஆம் நாள் இறுதிப் பந்தயத்தில் அதே நாட்டை 2க்கு 1 என வென்று ஆசியத் தங்கப் பதக்கம் கொணர்ந்தது. நம் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஆகஸ்டு 16 க்குப் பின் மூன்று வாரமுங் கழியாத நாள் அது. ஹெல்சிங்கிக்கும் ஜகார்த்தாவுக்கும் இடையே பத்தாண்டு கிடந்தன.

காலம் கொடுத்தலொன்றே போதுமோ எனச் சிலர் வினவுவர். போதாது. ஸ்டிமாச் ஐந்தாண்டு பெற்றும், 2024 ஜனவரியில் கத்தாரில் நிகழ்ந்த ஆசியக் கோப்பையில் நம் குழு மூன்று பந்தயத்திலுந் தோற்று ஒரு கோலும் அடியாது திரும்பிற்று. ஆதலின் பொறுமையென்பது கண்மூடியிருத்தலன்று.

நம்மூர்க் கடைமடை உழவனைப் பாருங்கள். மேட்டூரில் திறந்த நீர் அவன் வயலை அடையப் பன்னாள் செல்லும். அவன் காத்திருக்கின்றான், ஆயினும் சும்மா இருப்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாருகின்றான், வரப்பை உயர்த்துகின்றான், நாற்றங்காலைப் பண்படுத்துகின்றான். நட்ட நாற்று வேர்பிடித்ததோ எனப் பிடுங்கிப் பார்ப்பவனும் அவனல்லன். பயிர் கருகுவது கண்டும் வாளாவிருப்பவனும் அவனல்லன். பயிற்றாசிரியரையும் அங்ஙனமே அளத்தல் வேண்டும். சென்ற பந்தயத்திற் செய்த பிழை இப்பந்தயத்திற் குறைந்துளதா? இளைஞர் இடம் பெறுகின்றனரா? பயிற்சிக்கு யாவரும் ஒழுங்காய் வருகின்றனரா? இவற்றிற்கு ஆம் என விடை கிடைக்குமேல், பந்தயக் கணக்கு தோல்வியையே காட்டினும் காத்திருத்தல் கடன். இல்லையெனில், எத்தனை ஆண்டு காத்திருப்பினும் பயனின்று.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரிக் களத்திலும் தோல்விகள் நேர்வதுண்டு. தோற்ற மாலையிற் பழி கூறுவோர் பலராவர். மறுநாட் காலையிற் பயிற்சிக்கு எழுந்து வருவோர் சிலரேயாவர். அச்சிலரோடு சேர்மின், ஆடத் தெரியாதார் களத்தோரம் நின்று ஊக்குமின். பொறுத்தார் பூமியாள்வார் என்னும் பழமொழி, பொறுத்துக்கொண்டே உழைத்தாரைக் குறித்தெழுந்ததேயன்றி வேறன்று.